எக்ஸிமாவுக்குச் சீனக் கஷாயம்: சீட்டில் 13 சரக்கு, கூடவே ஒரு வெள்ளை டப்பா களிம்பு

சிராங்கூன் – பதிவு 1

சீன மருந்துக் கடையில் எக்ஸிமாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. உச்சரிப்பைத் தமிழில் போட்டிருக்கிறேன். ஒரு நாள் அளவு, கிராமில்:

ஜிங் ஜியே 6, ஃபாங் ஃபெங் 6, நியூ பாங் ஸி 6, சான் துய் 3, சாங் சூ 6, கு ஷென் 6, ஷி காவ் 15, ஜி மூ 6, தாங் குய் 6, ஷெங் தி 12, ஹு மா ரென் 6, மூ தோங் 3, கான் சாவ் 3.

ஆண், 34 வயது. இரண்டு முழங்கை மடிப்பிலும் சிவந்து நீர் கசிகிறது. பின்கழுத்தில் காய்ந்து தடித்துப் போயிருக்கிறது. ராத்திரியில் அரிப்பு ஜாஸ்தி.

மூன்று கேள்வி. இவை என்னென்ன சரக்கு? எப்படிக் காய்ச்சுவது? கூடவே பெயர் எதுவும் ஒட்டாத ஒரு வெள்ளை டப்பா களிம்பு கொடுத்திருக்கிறார்கள், "மூலிகை மட்டும்தான்" என்று. அதைப் போடலாமா?

புக்கிட்வாசி – பதிவு 2

இது சியாவ் ஃபெங் சான். "காற்றைக் கலைக்கும் பொடி" என்று அர்த்தம். மிங் காலத்து வைத்தியர் சென் ஷிகோங் 1617-இல் எழுதிய வைகெ செங்சோங் என்ற நூலில் வரும் யோகம், அதாவது மருந்துக் கலவை. மூலத்தில் 11 சரக்கு தலா ஒரு சியான் (பழைய சீன நிறை), அதிமதுரமும் மூ தோங்கும் மட்டும் அரை சியான். சியானை 3 கிராம் என்று வைத்தால் மொத்தம் 36 கிராம்தான். உங்கள் சீட்டு 84 கிராம். பயப்பட வேண்டாம், இன்றைக்கு எல்லாரும் எழுதும் அளவு இந்த வாக்கில்தான். ஷி காவையும் ஷெங் தியையும் மட்டும் மற்றவற்றைவிடக் கூட்டியிருக்கிறார் என்றால், சிவப்பும் சூடும் தூக்கலாக இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்.

உள்ளே நாலு வேலை நடக்கிறது. ஜிங் ஜியே (துளசிக் குடும்பத்துச் செடி), ஃபாங் ஃபெங் (கொத்தமல்லிக் குடும்பத்து வேர்), நியூ பாங் ஸி (பர்டாக் விதை), சான் துய் நான்கும் அரிப்புக்கு. அவர்கள் பாஷையில் இடம் மாறி மாறி வரும் அரிப்புதான் "காற்று". நம் வாதத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாங் சூ, கு ஷென், மூ தோங் மூன்றும் நீர்க்கசிவுக்கு. ஷி காவ், ஜி மூ சூட்டுக்கு. தாங் குய், ஷெங் தி, ஹு மா ரென் தோல் காயாமல் இருக்க. அதிமதுரம், அதாவது கான் சாவ், எல்லாவற்றையும் இழுத்துக் கட்ட.

நமக்குப் பழகிய பெயர்கள் மூன்று உண்டு. ஷி காவ் என்பது ஜிப்சம், சித்த மருந்துக் கடையில் கற்பூர சிலாசத்து. ஹு மா ரென் கறுப்பு எள். கான் சாவ் அதிமதுரத்தின் சீன இனம். சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: சான் துய் என்பது சில்வண்டு உரித்துப் போட்ட தோல். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் கடையில் எடுத்துவிடுவார்கள். எள் ஒவ்வாதவர்கள் ஹு மா ரென்னையும் சொல்லிவிட வேண்டும்.

தராசுத்தட்டு – பதிவு 3

காய்ச்சுவதற்கு முன்னாடி அந்த மூ தோங்கைப் பார்க்கணும். 3 கிராம்தானே என்று விடக் கூடாது.

"மூ தோங்" என்ற ஒரே பெயரில் கடையில் மூணு வேற வேற கொடி புழங்கியிருக்கு. ஒண்ணு அகேபியா. ரெண்டாவது சுவான் மூ தோங், கிளிமேடிஸ் இனம். இந்த ரெண்டும் பரவாயில்லை. மூணாவது குவான் மூ தோங், அரிஸ்டலோக்கியா மஞ்சூரியென்சிஸ். இதில் அரிஸ்டலோக்கிக் அமிலம் இருக்கு. சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் கொண்டுவரும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற வரிசையில், வெச்சிருக்கு.

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெல்ஜியம் போதும். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் இளைக்கத் தந்த மாத்திரையில் ஹான் ஃபாங் ஜி என்ற கொடிக்குப் பதிலா குவாங் ஃபாங் ஜி போயிடுச்சு. பெயரில் ஒரு அசைதான் வித்தியாசம், ஆனா இது அரிஸ்டலோக்கியா. நூத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. 1999-இல் பிரிட்டனில் பதிவான ரெண்டு பேரும் எக்ஸிமாவுக்குக் கஷாயம் குடிச்சவங்க, ரெண்டு பேருக்கும் சிறுநீரகம் முழுசா செயலிழந்துபோச்சு. அந்த வருஷமே அங்கே அரிஸ்டலோக்கியாவைத் தடுத்தாங்க. சீனா 2003-இல் குவான் மூ தோங்கை மருந்துப் பட்டியலிலிருந்தே எடுத்துடுச்சு.

இப்போ நல்ல கடையில் அது இருக்க வாய்ப்பு குறைவு. ஆனா "குறைவு" என்பதை நம்பி மாசக்கணக்கில் குடிக்கிற மருந்து இல்லை இது. காய்ச்சினா இந்த அமிலம் போயிடாது. உடம்பில் டிஎன்ஏவோட ஒட்டிக்கும், குடிச்ச அளவு சேர்ந்துகிட்டே போகும். ஆரம்பத்தில் வலி, வீக்கம் எதுவும் காட்டாது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறும்போதுதான் தெரியும், அதுக்குள்ளே பாதி போயிருக்கும்.

கடையில் கேட்க வேண்டியது: மொத்த மூட்டையின் லேபிளில் லத்தீன் தாவரப் பெயர் என்ன? காட்டலைன்னா அந்தச் சரக்கை நீக்கச் சொல்லுங்க. பல வைத்தியர்களே இப்போ மூ தோங்குக்குப் பதிலா "தான் சூ யே" என்ற இலையோ தோங் சாவோதான் எழுதுறாங்க.

வெட்பாலை – பதிவு 4

தராசுத்தட்டு சொன்னதில் நம்மாட்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. கரப்பானுக்கும் சொறிக்கும் கிராமத்தில் கை போகும் ஆடுதீண்டாப்பாளை அதே அரிஸ்டலோக்கியா பேரினம்தான். பெருமருந்துக் கொடி என்கிற ஈஸ்வரமூலியும் அப்படியே. சீனக் கொடியில் இருக்கும் அதே அமிலம் இவற்றிலும் உண்டு. "அது சீனச் சரக்கு, இது நம் சரக்கு" என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது. உள்ளுக்கு வேண்டாம்.

சிராங்கூன் – பதிவு 5

சீட்டில் வெறும் "மூ தோங்" என்றுதான் இருக்கிறது. கடையில் கேட்கிறேன். காய்ச்சும் முறை யாராவது சொல்லுங்கள். நம் குடிநீர் மாதிரி எட்டுக்கு ஒன்றாக வற்ற வைக்க வேண்டுமா?

வெட்பாலை – பதிவு 6

வேண்டவே வேண்டாம். நம்மவர்கள் சீனப் பொட்டலத்தில் செய்யும் முதல் தப்பே இதுதான். எட்டொன்றாக வற்ற வைத்தால் ஜிங் ஜியேயின் வாசனை எண்ணெய் மொத்தமும் ஆவியாகிவிடும், மிச்சம் இருப்பது கு ஷென்னின் கசப்பு மட்டும். விவரத்தை புக்கிட்வாசி சொல்லட்டும்.

புக்கிட்வாசி – பதிவு 7

மண்சட்டி, இல்லாவிட்டால் எவர்சில்வர். இரும்பு வாணலியும் அலுமினியமும் கூடாது. இரும்பில் துவர்ப்புச் சத்து சேர்ந்து கஷாயம் மை மாதிரி கறுக்கும்.

பொட்டலத்தைப் பிரித்து ஷி காவையும் ஜிங் ஜியேயையும் தனியாக எடுத்துவையுங்கள். சான் துய்யை அலசினால் மண் போகும். நியூ பாங் ஸியையும் எள்ளையும் உரலில் லேசாகத் தட்ட வேண்டும், மாவாக்கக் கூடாது. தட்டாவிட்டால் விதை முழுசாக வெந்து முழுசாகவே வெளியே வரும், சத்து இறங்காது.

ஷி காவை உடைத்து 900 மி.லி. தண்ணீரில் போட்டு 20 நிமிஷம் தனியாகக் கொதிக்க விடுங்கள். கல்லாச்சே, சீக்கிரம் கரையாது. மற்ற சரக்கை அதுவரை பச்சைத் தண்ணீரில் மூழ்க ஊறவைக்கலாம், அரை மணி நேரம் ஊறணும். வெந்நீரில் ஊறப் போடாதீர்கள், வேரின் மேல்பக்கம் இறுகிவிடும். பிறகு ஊறிய தண்ணீரோடு சட்டியில் சேர்த்து, சரக்குக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பெருந்தீயில் கொதி வந்ததும் தணித்து, மூடிபோட்டு 15–20 நிமிஷம். கடைசி 5 நிமிஷத்தில் ஜிங் ஜியே. வடிகட்டுங்கள்.

அதே சக்கையில் 500 மி.லி. ஊற்றி இன்னொரு தடவை 15 நிமிஷம். இரண்டு வடிநீரையும் கலந்தால் ஏறக்குறைய 400 மி.லி. வரும். இரண்டாகப் பிரித்துச் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்து வெதுவெதுப்பாகக் காலையும் மாலையும். முதல் வடிநீரைக் காலையிலும் இரண்டாவதை மாலையிலும் குடிப்பவர்கள் உண்டு, அது தப்பு. காலையில் கடுப்பாகவும் மாலையில் வெறும் தண்ணீராகவும் போகும்.

அடி பிடித்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் கொட்டிவிடுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வயிறு இளகினால் முதல் சந்தேகம் நியூ பாங் ஸி, அடுத்தது ஷெங் தி. குமட்டல் என்றால் கு ஷென். அளவை நீங்களே குறைக்காமல் எந்தச் சரக்கு என்று ஊகித்து வைத்தியரிடம் சொன்னால் அவர் வேலை சுலபம்.

மல்துணி – பதிவு 8

எல்லாரும் குடிக்கிற மருந்தையே பேசுறீங்க. முழங்கையில் நீர் கசியுதுன்னு சொல்லியிருக்காங்களே! அதுக்குக் கஷாயம் குடிச்சுப் பத்து நாள் காத்திருக்க வேண்டாம். வெளிப்பூச்சு விஷயத்தில் சீன முறையும் ஆஸ்பத்திரித் தோல் பிரிவும் ஒரே விதியைத்தான் சொல்லுது: கசியுற இடத்துக்கு ஈரத் துணி, சிவந்து பொரிப்பொரியா இருந்தா பொடி கலந்த நீர், காய்ஞ்சு தடிச்சா களிம்பு. கசியுற இடத்தில் களிம்பு அப்பினா நீர் உள்ளேயே தேங்கி ஓரம் ஓரமா பரவும்.

ஈரத் துணிக்கு அவங்க முதலில் எடுப்பது மா சி ஷியான். பெயரைப் பார்த்து அசர வேண்டாம், நம்ம பருப்புக்கீரைதான். காய்ஞ்சது 60 கிராம், 1 லிட்டர் தண்ணீர், கொதி வந்து 20 நிமிஷம். ஹுவாங் பாய் பட்டை 30 கிராம் சேர்க்கிறதும் உண்டு, அதில் பெர்பெரின் என்ற மஞ்சள் சத்து இருக்கு, கறை பிடிக்கும். ரெண்டு மடிச்ச மல்துணியில் வடிகட்டணும், தூள் இருந்தா புண்ணை உரசும். நல்லா ஆறி, ஃபிரிட்ஜில் வெச்சுக் குளிர்ந்தபிறகு எடுங்க. சூடா வெச்சா ரத்த ஓட்டம் கூடி அரிப்பும் கசிவும் இன்னும் ஏறும்.

மல்துணி 6 முதல் 8 மடிப்பு. முக்கிப் பிழியணும், சொட்டக் கூடாது, ஆனா தொட்டா நல்ல ஈரம் தெரியணும். தோலோடு ஒட்டி, சுருக்கம் இல்லாம படியட்டும். மேலே பிளாஸ்டிக் சுத்தாதீங்க. ஆவியாகும்போது வர்ற குளிர்ச்சிதான் இங்கே பாதி மருந்து, அதை அடைச்சா புழுங்கும். 10 நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து மறுபடி முக்கிப் போடணும், மொத்தம் அரை மணி. காய்ஞ்சு ஒட்டிப்போச்சுன்னா பிய்க்காதீங்க, மேலே கஷாயம் ஊத்தி நனைச்சு எடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. ஒரே நேரத்தில் உடம்பில் மூணில் ஒரு பங்குக்கு மேல போடக் கூடாது, குழந்தைன்னா சட்டுன்னு குளிர் ஏறிடும். கசிவு நின்னதும் இதை நிறுத்திடணும். விட்டா தோல் காய்ஞ்சு வெடிக்கும்.

தேன் நிறத்தில் பொருக்கு, காய்ச்சல், அல்லது ஒரே அளவில், குத்தி எடுத்தாற்போலக் குழிஞ்சு வலிக்கிற சின்னச் சின்னப் புண் கும்பலா வந்தா எந்தக் கீரையும் வேண்டாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. கடைசியா சொன்னது ஹெர்பிஸ் கிருமி எக்ஸிமாவில் ஏறினதா இருக்கலாம்.

எள்ளுருண்டை – பதிவு 9

தடிச்ச கழுத்துக்கு ஸி யுன் காவ் பற்றி எழுதுகிறேன். ஊதா நிறக் களிம்பு. இதன் மூலமும் சென் ஷிகோங் புத்தகத்து ருன் ஜி காவ்தான். ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹனாவொகா செய்ஷு (1760–1835) அதைத் திருத்தி எழுதியதுதான் ஷியுன்கோ என்று இன்று அங்கே கிடைப்பது.

அளவு: நல்லெண்ணெய் 250 கிராம், தேன்மெழுகு 95, தாங் குய் 25, ஸி சாவ் வேர் 25, பன்றிக்கொழுப்பு 6. கொழுப்பு வேண்டாதவர்கள் விட்டுவிடலாம், களிம்பு கொஞ்சம் இறுகலாக வரும், அவ்வளவுதான்.

எண்ணெயில் கவனம். கருப்பட்டி சேர்த்து ஆட்டிய செக்கு எண்ணெய் இதற்கு ஆகாது. அதில் தங்கியிருக்கும் கசடு சூட்டில் கருகி, களிம்பு முழுக்கக் கருகல் வாசம் அடிக்கும். கருப்பட்டி போடாத, நன்றாகத் தெளிந்த எண்ணெய் வேண்டும்.

எண்ணெயைச் சூடாக்கி மெழுகையும் கொழுப்பையும் உருக்குங்கள். 140 டிகிரியில் தாங் குய். ஓரம் கருஞ்சிவப்பானதும் அரித்து எடுத்துவிடணும். இப்போது ஸி சாவ். போட்டதும் நுரை பொங்கும், பாத்திரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் எண்ணெய் மாதுளைச் சாறு நிறத்துக்கு வந்துவிடும், உடனே வடிகட்டுங்கள். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவது. "இன்னும் கொஞ்சம் சாரம் இறங்கட்டும்" என்று விட்டால் ஷிகோனின் என்ற அதன் நிறமி சிதைந்து ஊதா போய்ப் பழுப்பாகும். பழுப்பான களிம்பு வெறும் மெழுகெண்ணெய்தான். சமையல் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். வடிகட்டியதைக் கட்டியாகும்வரை கிளறிக்கொண்டே ஆறவிட்டால் வழவழப்பாக வரும், விட்டுவிட்டால் மணல் மணலாக இருக்கும்.

சட்டையில் பட்டால் போகாது. சோப்பு போட்டுத் தேய்த்தால் சிவப்பு நீலமாக மாறும், அது அந்த நிறமியின் குணம், களிம்பு கெட்டுவிடவில்லை.

சிராங்கூன் – பதிவு 10

ஸி சாவ் கிடைக்காத இடத்தில் நம் வேம்பாளம்பட்டை போடலாமா? எண்ணெயில் போட்டால் அதே சிவப்புதானே வருகிறது?

எள்ளுருண்டை – பதிவு 11

நிறம் ஒன்று என்பதால் சரக்கு ஒன்றாகாது. வேம்பாடங்கொடியின் பட்டை ஒரு குடும்பம், ஸி சாவ் வேறு குடும்பம். அதே பெயரில் ரத்தன்ஜோத் வேரைத் தரும் கடைகளும் உண்டு. பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுவதை வைத்து மருந்து செய்ய முடியாது. தலைக்கு எண்ணெய் காய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஸி சாவ் குடும்பத்து வேர்களில் ஈரலைப் பாதிக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு. அதனால் முழுத் தோலில் மட்டும், சின்ன இடத்தில் மட்டும். கசிகிற முழங்கையில் கூடாது. கைக்குழந்தைக்கும் கூடாது.

தராசுத்தட்டு – பதிவு 12

இப்போ அந்த வெள்ளை டப்பா.

போடாதீங்க. காரணம் சொல்றேன். 1999-இல் லண்டனில், எக்ஸிமாவுக்குத் தந்த 11 சீன "மூலிகை" களிம்புகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க, 8-இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 2003-இல் பர்மிங்ஹாமில் குழந்தைகளுக்குப் போட்ட 24 களிம்பு, 20-இல் ஸ்டீராய்டு, சிலதில் குளோபெட்டாசால். குளோபெட்டாசால் என்பது தோல் ஸ்டீராய்டுகளிலேயே உச்சம், குழந்தை முகத்துக்கு நினைச்சே பார்க்கக் கூடாதது. சீனாவிலேயே 2021 ஜனவரியில் ஃபூஜியான் மாகாணத்துக் குழந்தைக் களிம்பு ஒன்றில் அது கலந்திருந்தது வெளியே வந்துச்சு. தடவின குழந்தைக்கு முகம் உப்பி, வளர்ச்சி தடைப்பட்டு, "பெரிய தலைக் குழந்தை" என்று நாடு முழுக்கப் பேசினாங்க. அந்தக் களிம்பு மருந்தாகப் பதிவானதே இல்லை, கிருமிநீக்கி வகையில் பதிவானது. மருந்துக்கு இருக்கிற சோதனை அந்த வகைக்கு இல்லை.

டப்பாவில் பதிவு எண் இருந்தா ஒரு சின்ன வழி. சீன மருந்து அனுமதி எண்ணில் நாலு சீன எழுத்துக்குப் பிறகு ஒரு ஆங்கில எழுத்து வரும். இசட் என்றால் சீன மரபு மருந்து. எச் என்றால் ரசாயன மருந்து. டிராகன், மூலிகைப் படம் எல்லாம் போட்டு எச் எண்ணோடு வர்ற அரிப்புக் களிம்புகள் நிறைய. கற்பூரம், மென்தால் வாசனைக்குப் பின்னாடி கிராமுக்கு 0.75 மி.கி. டெக்சாமெத்தசோன் அசிட்டேட் இருக்கும், பெட்டியிலேயே அச்சடிச்சிருக்கும், நாமதான் படிக்க மாட்டோம். அது திருட்டு இல்லை, சட்டப்படியான மருந்து. பிரச்சினை எண்ணே இல்லாத டப்பாதான்.

நடத்தையை வெச்சும் பிடிக்கலாம். மூணே நாளில் சிவப்பு மறைஞ்சு, நிறுத்தின ஒரு வாரத்துக்குள்ள முன்னைவிட மோசமா திரும்பி வந்தா ஸ்டீராய்டுன்னு சந்தேகப்படுங்க. மூலிகைக்கு அந்த வேகம் கிடையாது. பல மாசமா உடம்பு முழுக்கப் பூசி வந்த ஆள், முக்கியமா குழந்தை, இதைப் படிச்சுட்டு இன்னைக்கே பட்டுன்னு நிறுத்தக் கூடாது. உடம்பே ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். டப்பாவோட டாக்டர்கிட்ட போய் படிப்படியா குறைக்கணும்.

சுண்ணாம்புக்கல் – பதிவு 13

மன்னிக்கணும், இடையில் வருகிறேன். இவ்வளவு பாடுபட்டுக் குடிக்கிறதுக்கு அந்தக் கஷாயம் முதலில் வேலை செய்யுமா? இங்கிலீஷ் மருந்தில் பக்கவிளைவு, மூலிகையில் இல்லை என்றுதானே எல்லாரும் இதற்கு வருகிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதில்தான் அதிகம் போலிருக்கிறதே.

மல்துணி – பதிவு 14

"பக்கவிளைவு இல்லை" என்பதை விட்டுட்டு வந்தாத்தான் இதைப் பேசவே முடியும்.

வேலை செய்யுமா என்பதற்கு நேரான பதில்: சிலருக்கு. 1980களின் கடைசியில் லண்டன் சைனாடவுனில் லுவோ டிங்ஹுய் என்ற வைத்தியர்கிட்ட போன எக்ஸிமாக் குழந்தைகள் தேறி வர்றதை கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரித் தோல் மருத்துவர்கள் கவனிச்சாங்க. அவர் சீட்டிலிருந்து 10 சரக்கை நிலைப்படுத்தி, ஸெமாஃபைட் என்ற பெயரில் சோதனை நடந்தது. 1992-இல் குழந்தைகளில் 47 பேர் சேர்ந்து 37 பேர் முடிச்சாங்க. பெரியவங்க 40 பேரில் 31. எட்டு வாரம் மருந்து, எட்டு வாரம் அதே கசப்பில் போலிக் கஷாயம், நடுவில் நாலு வாரம் இடைவெளி. மருந்து நல்லாவே ஜெயிச்சது.

1999-இல் ஹாங்காங்கில் அதே மருந்தைச் சீன நோயாளிகளுக்குக் கொடுத்தாங்க, போலியைவிட மேலான பலன் தெரியலை. லண்டனில் சேர்த்தது காய்ஞ்ச வகை எக்ஸிமாவை மட்டும்தான். அதை ஒரு காரணமா நினைக்கலாம், ஆனா அது என் ஊகம். 2007-இல் அதே ஹாங்காங்கில் வேற யோகம், அஞ்சு சரக்கு: ஜின் யின் ஹுவா 2, போ ஹெ 1, மூ தான் பி 2, சாங் சூ 2, ஹுவாங் பாய் 2 பங்கு. 85 குழந்தைகள், 12 வாரம். தோல் மதிப்பெண்ணில் போலியோட வித்தியாசம் இல்லை, ஆனா தடவுற ஸ்டீராய்டு தேவை மூணில் ஒரு பங்கு குறைஞ்சது. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துட்டு, தரம் போதாது, முடிவு சொல்ல முடியாதுன்னு விட்டுடுச்சு.

அந்த 10 சரக்கில் ஒண்ணு பாய் ஜி லி, நம்ம நெருஞ்சில். ஆனா நெருஞ்சிலை மட்டும் காய்ச்சிக் குடிச்சா எக்ஸிமா போகும்னு யாரும் கிளம்ப வேண்டாம்.

புக்கிட்வாசி – பதிவு 15

அதே பத்தில் இன்னொன்று பாய் ஷியான் பி. அரிப்புச் சீட்டுகளில் அடிக்கடி வரும், ஆட்டு வாடை அடிக்கும் வேர்ப்பட்டை. ஈரல் பாதிப்புப் பதிவுகளில் இதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஸெமாஃபைட் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோதும் இரண்டு பேருக்கு ஈரல் நொதி ஏறியது, நிறுத்தியதும் இறங்கிவிட்டது. சிராங்கூன் சீட்டில் அது இல்லை. அடுத்த வருகையில் சேர்க்கப்படலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தை எடுப்பவருக்கு நான் வைக்கும் வரிசை: ஆரம்பிக்கும் முன் ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றுக்கும் பரிசோதனை. மூன்றாம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் நிறுத்துவது. "நச்சு வெளியேறுகிறது, முதலில் கூடித்தான் குறையும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடினால் ஒவ்வாமை, அல்லது யோகம் தப்பு. கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், சோர்வும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டுச் சீட்டோடு மருத்துவமனை.

அதிமதுரத்துக்கும் கணக்கு உண்டு. ஜப்பானில் ஒரு நாளைக்கு 2.5 கிராம் தாண்டினாலே எச்சரிக்கிறார்கள். பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். இந்தச் சீட்டில் 3 கிராம் இருக்கிறது. வேறு இருமல் மருந்தோ மூட்டுவலிக் கஷாயமோ சேர்ந்தால் அதிலும் அதிமதுரம் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு தாங் குய் ஆகாது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர், கர்ப்பிணி இருவருக்கும் சீட்டே வேண்டாம்.

கைக்குழந்தைக்கு ஹுவாங் பாய், ஹுவாங் லியான் குளியல்நீர் போடுபவர்கள் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு சுலபமாக உடையும் பரம்பரைக் குறை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றியதால்தான் சிங்கப்பூர் 1978-இல் பெர்பெரின் சரக்குகளைத் தடுத்துப் பல வருஷம் அப்படியே வைத்திருந்தது.

வெட்பாலை – பதிவு 16

பொடிக் கலவைகளிலும் ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கொள்கிறேன். பழைய சீனத் தோல் பொடிகளில் ஷியோங் ஹுவாங் வரும், அது நம் மனோசிலை, ஆர்சனிக். சிங் ஃபென், ஹோங் ஃபென் இரண்டும் பாதரசம். சியான் தான் ஈயம். சீட்டில் இந்த நாலில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள், கசிகிற தோலில் இவை ரத்தத்தில் ஏறும்.

கலப்படமில்லாத பாரம்பரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. சீன மருத்துவமனைகளில் சிவந்த தோலுக்குத் தரும் சான் ஹுவாங் நீரில் நாலு சரக்கின் பொடி (தா ஹுவாங், ஹுவாங் பாய், ஹுவாங் சின், கு ஷென் சமபங்கு) 10–15 கிராம், தண்ணீர் 100 மி.லி., அதோடு 1 மி.லி. கார்பாலிக் அமிலம்! கெடாமலிருக்கவும் அரிப்பை மரக்கவைக்கவும். தைலப்பாட்டில் மாதிரி அடியில் படியும், குலுக்கித்தான் தொட வேண்டும்.

சுண்ணாம்புக்கல் – பதிவு 17

சொரியாசிஸுக்கும் இதே சீட்டுதானா?

எள்ளுருண்டை – பதிவு 18

இல்லை. அதற்கு வேறு சரக்கு, சிங் தாய், அதாவது நீலத் தூள். நம் அவுரியிலிருந்து வருவது இல்லை, வேறு செடிகளின் இலையை ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்து அடித்து எடுப்பது. தைவானில் 2008-இல் 42 பேருக்கு 12 வாரம் களிம்பாகப் பூசி நல்ல பலன் பார்த்தார்கள். படுக்கை விரிப்பு, சட்டை, சுவர் எல்லாம் நீலமாகும், அதுதான் பெரிய புகார். உள்ளுக்கு எடுக்கக் கூடாது: குடல் நோய்க்கு வாய்வழி எடுத்தவர்களுக்கு நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியதால் 2016 டிசம்பரில் ஜப்பான் அரசு எச்சரித்தது. தனி இழை ஆரம்பியுங்கள், அளவு எழுதுகிறேன்.

சிராங்கூன் – பதிவு 19

கடையில் கேட்டேன். களிம்புக்குப் பதிவு எண் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள், திருப்பிக் கொடுத்தாயிற்று. மூ தோங் மூட்டை லேபிளில் லத்தீன் பெயர் இல்லை. வெட்டுமுகத்தைப் படம் எடுத்திருக்கிறேன்: மஞ்சள் கலந்த பழுப்பு, சக்கர ஆரம் மாதிரி கோடுகள், நடுவில் சின்னத் துளைகள். இதை வைத்து எது என்று சொல்ல முடியுமா?

தராசுத்தட்டு – பதிவு 20

முடியாது. கிளிமேடிஸும் மஞ்சள்பட்டுத்தான் இருக்கும், அதற்கும் ஆரம் உண்டு. உருப்பெருக்கியும் ஆய்வகமும் இல்லாம படத்தைப் பார்த்து "நல்லதுதான்" என்று சொல்றவர் பேச்சைக் கேட்காதீங்க. மூ தோங்கை எடுத்துடுங்க. மிச்சம் 81 கிராமை வைத்தியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் காய்ச்சலாம்.

மல்துணி – பதிவு 21

ரத்தப் பரிசோதனை வந்தபிறகு காய்ச்சலாம், தராசு. அதுவரை முழங்கைக்கு ஈரத் துணி போதும். ஜிங் ஜியேயைத் தனிப் பொட்டலமா கட்டித் தரச் சொல்லுங்க, கட்டி வந்தபிறகு 12 சரக்கிலிருந்து அதைப் பொறுக்கி எடுக்க முடியாது.